சங்கொலியும் பாங்கொலியும்



குன்றின்மேல் முருகன் கோயிலும், சேக்கிழார் பிறந்த ஊர் என்னும் புகழும் கொண்டது குன்றத்தூர். ஒரு புறம் செம்பரம்பாக்கம் ஏரி. மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என வரிசையாகத் தொழிற்சாலைகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. கண்ணாடி, டயர், கைப்பேசி, லாரி, மோட்டார் சைக்கிள் என்று இன்று அங்கே உருவாகாத பொருள் குறைவு. அந்த ஆலைகளை நம்பி வந்த பல்லாயிரம் இளைஞர்கள் குன்றத்தூரிலும் சுற்றுப்புறங்களிலும் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். கீழக்கரையிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும், பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு.

ஊரில் இருந்தவரை ஐந்து வேளையும் தவறாமல் பள்ளிவாசலுக்குச் சென்ற பிள்ளை, வேலைக்குச் சென்ற சில மாதங்களில் இரண்டு வேளைக்கு இறங்கி, பிறகு ஜும்ஆவோடு நிறுத்திக்கொள்வதைப் பல பெற்றோர் வேதனையோடு காண்கின்றனர். கேட்டால், ‘ஷிப்டு வேலை, என்ன செய்வது?’ என்பதே பதில். ஆலைச் சங்கு அழைக்கும் நேரமும் பாங்கு அழைக்கும் நேரமும் மோதுவதாக அவன் எண்ணுகிறான். அந்த மோதலில் சம்பளம் வென்றுவிடுகிறது, தொழுகை தோற்றுவிடுகிறது.

உண்மையில் இவை இரண்டும் மோதுகின்றனவா? இதை இம்மாதம் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

பலகையில் உள்ளதும் வக்தும்

பள்ளிவாசலின் சுவரில் ஐந்து கடிகார முகங்கள் கொண்ட பலகையைப் பார்த்திருப்பீர்கள். அஸர் 4.45 என்று அதில் இருந்தால், அது ஜமாஅத் நிற்கும் நேரம். அஸருடைய வக்து அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதன் பின்னரும் சூரியன் மறையும்வரை நீடிக்கிறது. ஆனால் சிறு வயது முதல் அந்தப் பலகையை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 4.45 என்பதே அஸர். 4.45-க்கு லைனில் நிற்கிறான். எனவே ‘அஸர் போய்விட்டது’ என்று முடிவு செய்துவிடுகிறான். போகாத வக்தைப் போனதாக எண்ணிக் கைவிடுகிறான்!

ஜமாஅத்தின் சிறப்பை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. தனியாகத் தொழுவதைவிட ஜமாஅத்தோடு தொழுவது இருபத்தேழு மடங்கு மேலானது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த நன்மை கிட்டாத நாளில் கடமையையும் சேர்த்து இழக்கவேண்டியதில்லை என்பதே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறிய பாடம்.

இரண்டு நாள் பாடம்

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தொழுகை நேரங்களைப் பற்றிக் கேட்டார். நபிகளார் உடனே பட்டியல் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடவில்லை; இரண்டு நாள் தம்முடன் தொழும்படி பணித்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு தொழுகையையும் அதன் நேரம் தொடங்கியவுடன் நிறைவேற்றினார்கள். இரண்டாம் நாள் பிற்படுத்தினார்கள். வெயில் தணிந்தபின் ளுஹர். முதல் நாளைவிடத் தாமதமாக, ஆயினும் சூரியன் உயரத்தில் இருக்கும்போதே அஸர். அந்திச் செம்மை மறையுமுன் மஃரிப். இரவில் மூன்றில் ஒரு பகுதி கழிந்தபின் இஷா. நன்கு வெளுத்தபின் சுப்ஹு. அதன் பிறகு, கேள்வி கேட்டவர் எங்கே என்று விசாரித்து, அவர் கண்ட அந்த இரு எல்லைகளுக்கும் இடைப்பட்டதே தொழுகையின் நேரம் என்று விளக்கினார்கள். புரைதா (ரலி) அவர்கள் வழியாக இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

எத்தனை கருணை நிறைந்த பாடம்! அந்த மனிதர் ஊருக்குத் திரும்பும்போது ஐந்து புள்ளிகளைக் கொண்டு செல்லவில்லை. ஐந்து வெளிகளைக் கொண்டு சென்றார். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருமறையின் அன்னிஸா அத்தியாயம் 103-ஆம் வசனம் உறுதி செய்கிறது. அவ்வாறு குறித்த இறைவனே அதற்குள் நமக்கு இடமும் தந்திருக்கிறான். உழவனுக்கும், வணிகனுக்கும், கடலில் வலை வீசுபவனுக்கும், கன்வேயரின் முன் நிற்பவனுக்கும் அந்த இடம் போதுமானது.

ஆனால் இந்த விசாலம் சோம்பலுக்குத் தரப்பட்ட அனுமதியன்று. வக்தின் தொடக்கத்திலேயே தொழுவது சிறப்பு. காரணமின்றி அஸரைச் சூரியன் மஞ்சளிக்கும்வரை தள்ளுவது வெறுக்கப்பட்டது. தொழுகையில் அலட்சியமாக இருப்போரை அல்மாஊன் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம்.

நிழல் சொல்லும் கணக்கு

இந்த ஐந்து வெளிகளின் எல்லைகளையும் வானமே வரைகிறது. அதனால்தான் நம் முன்னோர் நிழலை அளப்பதை ஒரு கலையாகவே வளர்த்தனர். டமாஸ்கஸ் நகரின் உமய்யாப் பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னு ஷாத்திர், 1371-ஆம் ஆண்டளவில் அதன் மினாராவுக்கென ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை அமைத்தார். வானியலில் அவர் எழுதியவற்றை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர்.

நம் ஊர்க் கணக்கையும் பாருங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகம் கணித்த ‘மதராஸ் நேரம்’ ஒரு காலத்தில் இந்திய ரயில்களுக்கெல்லாம் பொது நேரமாக விளங்கியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தபோது, நம் கடிகாரங்கள் சூரியனைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்திக்கொண்டன. எனவேதான் நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு நிகழ்வதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கும், பிப்ரவரி நடுவில் 12.24-க்கும் உச்சி நேரம் வருகிறது. உச்சி சாய்ந்த பிறகே ளுஹர் தொடங்கும்.

பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்டுங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் குன்றத்தூரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று மொட்டை மாடியில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டால், உச்சி வேளையில் அதற்கு நிழலே இராது. பிறகு நிழல் கிழக்கே நீளும். கோலின் உயரமும் நிழலின் நீளமும் சமமாகும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்கும். நிழல் இரு மடங்காகும்போது தொடங்கும் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மத் இருவரும் ஒரு மடங்கு என்றே கூறினர். மற்ற நாள்களில் உச்சி வேளையிலேயே சிறு நிழல் இருக்கும்; அதை நீக்கிவிட்டு அளக்க வேண்டும்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழக்கும், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழக்கும் வேரூன்றியவை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் குன்றத்தூரில் ஒரே அறையில் தங்கும்போது, ஒருவர் அஸரைத் தொழுது முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றே மற்றவருக்கு அஸர் தொடங்கக்கூடும். இதில் சச்சரவுக்கு என்ன இருக்கிறது? இருவர் பார்ப்பதும் ஒரே கோலின் நிழலைத்தான்.

இன்னொரு செய்தி: சூரியன் உதிக்கும் கணத்திலும், உச்சியில் நிற்கும் கணத்திலும், மறையும் கணத்திலும் தொழுவது தடுக்கப்பட்டுள்ளது. சூரியன் நமக்குக் கடிகாரம். வணக்கம் அதைப் படைத்தவனுக்கு மட்டுமே உரியது. இந்தப் பேதத்தை ஒவ்வொரு நாளும் தொழுகை நேரங்கள் நமக்குப் போதிக்கின்றன.

மூன்று ஷிப்டுகளில் ஐந்து வேளை

இனி நடைமுறைக்கு வருவோம். ஆலைகளில் வழக்கமாக உள்ள காலை 6 முதல் 2, பிற்பகல் 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்னும் மூன்று ஷிப்டுகளையும் வைத்துக் கணக்கிடுவோம். குன்றத்தூரில் சுப்ஹு வக்து சூரிய உதயத்திற்கு முன் ஏறத்தாழ 70 முதல் 80 நிமிடம் வரை உண்டு. மஃரிபின் வக்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும்.

முதல் ஷிப்டு: ஜூன் மாதத்தில் காலை 4.25 அளவில் வைகறை வந்துவிடும். 5 மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுபவர் வீட்டிலேயே தொழுதுவிடலாம். ஜனவரி இறுதியில் நிலை வேறு. வைகறையே 5.20-க்குப் பிறகுதான், சூரியன் உதிப்பது 6.36 அளவில். அந்நாள்களில் வீட்டில் உளூ செய்து புறப்பட்டு, ஆலை வாசலில் இறங்கியதும் உள்ளே செல்லுமுன் தொழுதுகொள்ள வேண்டும். ளுஹரை உணவு இடைவேளையிலோ, 2 மணிக்கு வெளியே வந்த உடனேயோ தொழலாம். ஒரு எச்சரிக்கை: நவம்பர் தொடக்கத்தில் ஷாஃபிஈ கணக்கின்படி ளுஹர் 3.10 அளவில் முடிந்துவிடும். ‘வீட்டுக்குப் போய்த் தொழலாம்’ என்று பஸ் ஏறிவிட்டால், போக்குவரத்து நெரிசலில் வக்து கரைந்துவிடக்கூடும்.

இரண்டாம் ஷிப்டு: ளுஹரை வீட்டில் தொழுதுவிட்டுப் புறப்படலாம். இஷாவை இரவு வீடு திரும்பியபின் தொழலாம். அதன் வக்து வைகறைவரை நீடிக்கிறது. ஆலைக்குள் தொழவேண்டியவை அஸரும் மஃரிபும் மட்டுமே. அஸரைத் தேநீர் இடைவேளையில் நிறைவேற்றலாம். நெருக்கடியானது மஃரிப். நவம்பர் இறுதியில் 5.40 அளவிலும் ஜூலை தொடக்கத்தில் 6.39 அளவிலும் சூரியன் மறைகிறது. அதிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் மூன்று ரக்அத்துக்கு வேண்டிய சில நிமிடங்களைத் தேட வேண்டும்.

மூன்றாம் ஷிப்டு: இஷாவின் வக்து நவம்பரில் 7 மணியளவிலும் ஜூலையில் 8 மணியளவிலும் வந்துவிடும். தொழுதுவிட்டே புறப்படலாம். சுப்ஹில்தான் கவனம் தேவை. ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நம் பகுதியில் சூரியன் 6 மணிக்கு முன்பே உதித்துவிடும். அந்த மாதங்களில் ஷிப்டு முடியட்டும் என்று காத்திருந்தால் சுப்ஹு களாவாகிவிடும். ஆலைக்குள்ளேயே தொழுதாக வேண்டும்.

கூட்டிப் பாருங்கள்! எந்த ஷிப்டிலும் ஆலைக்குள் தொழவேண்டியவை ஒன்று அல்லது இரண்டு வேளைகளே. ஐந்தும் பறிபோனதாக எண்ணியது எவ்வளவு பெரிய மயக்கம்!

ஆலைக்குள் நம் நடத்தை

வேலை என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நம்மைப் பணிக்கிறது. எனவே சொல்லாமல் கொள்ளாமல் லைனை விட்டு நழுவுவதும், பத்து நிமிடத் தொழுகைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதும் தொழுகைக்கே இழுக்கு. மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பணிவோடு சொல்லுங்கள். எந்த இடைவேளையில், எந்த இடத்தில், எத்தனை நிமிடம் என்று தெளிவாகக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் சகோதரச் சமயத் தோழர் சில நிமிடங்கள் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால், அவருடைய பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உங்கள் விடுமுறையை விட்டுக்கொடுங்கள்.

ஓய்வு கேட்பது பிச்சையும் அன்று. ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கலாகாது, அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. மனித உடல் இயந்திரமன்று என்பதை உலகம் சட்டமாக எழுத அத்தனை காலம் பிடித்தது.

ஆயினும் மனிதர் வகுக்கும் நேரம் மாறிக்கொண்டே இருப்பது. 2023 ஏப்ரல் 21 அன்று நாள் ஒன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு எழுந்தது; மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்களில் தொழிலாளியின் நாள் நீண்டு, மீண்டும் சுருங்கியது! உச்சி சாய்வதையும் அந்தி சிவப்பதையும் எந்த அவையும் மாற்ற முடியாது. வானத்தோடு கட்டப்பட்ட ஐந்து வேளைகளின் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. வைகறையில் எழுபவன், கூலி அழைக்குமுன் இறைவன் அழைப்பை ஏற்கிறான். உச்சியிலும் மாலையிலும் உழைப்பின் நடுவே நிமிர்ந்து நிற்கிறான். அந்தியில் பகலை ஒப்படைக்கிறான். இரவில் தன்னையே ஒப்படைத்து உறங்குகிறான். ‘என் உழைப்பை விற்றிருக்கிறேன்; என்னை விற்கவில்லை’ என்று நாளுக்கு ஐந்து முறை ஒரு தொழிலாளி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு இதைவிட மேலான வழி உண்டா?

இல்லத்தின் பங்கு

தாய்மார்களே! சகோதரிகளே! இதில் உங்கள் பங்கு மிகப் பெரியது. இரவு ஷிப்டு முடித்து வந்த மகன் பகலில் அயர்ந்து உறங்குகிறான். ‘பாவம், உறங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறீர்கள், ளுஹர் போய்விடுகிறது. உறக்கத்தில் தொழுகை தவறியவர் விழித்ததும் தொழவேண்டும், உறங்கியதற்காக அவர் குற்றவாளி ஆகார் என்பது நபிமொழியின் கருத்து. ஆயினும் எழுப்புவதற்கு ஒரு தாய் இருக்கும்போது எழுப்பாமல் விடுவது பாசமாகாது. காலை 8 மணிக்கு உறங்கியவனை 2 மணிக்கு மென்மையாக எழுப்புங்கள். தொழட்டும், உண்ணட்டும், மீண்டும் உறங்கட்டும். அவன் வக்தும் தவறாது, உடலும் கெடாது.

மகள் வேலைக்குச் சென்றிருந்தால் அவளையும் மறந்துவிடாதீர்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தகைய விடுதிகளில் தங்கும் பெண்களுக்கு அறையின் ஒரு மூலையே தொழும் இடம். ஒரு முஸல்லாவும், அவள் ஷிப்டுக்கு ஏற்ற நேர அட்டையும் கொடுத்து அனுப்புங்கள். கைப்பேசியில் நேரம் பார்க்கும் பிள்ளைகளிடம், ஊரின் பெயரும் மத்ஹபும் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். ஜூன் மாதத்தில் குவாஹாட்டியின் சூரிய உதயம் நம்முடையதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. அங்கிருந்து வந்தவர் சொந்த ஊர் அட்டையை இங்கே பின்பற்றினால் எல்லா வேளையும் பிசகிவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஓர் அன்பு வேண்டுகோள். ஜமாஅத் நேரப் பலகைக்குக் கீழே, ஒவ்வொரு வக்தும் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதையும் மாதந்தோறும் எழுதி வையுங்கள். முடிந்தால் ஷிப்டு தொழிலாளருக்கென இரவு 11 மணியளவில் வாசலைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். பத்துப் பேர் வந்தாலும் அது ஒரு ஜமாஅத்தே. மஸாயில்களில் ஐயம் எழுந்தால் இளைஞர்கள் இமாமிடம் தயங்காமல் கேட்கும் சூழலும் வேண்டும். கேள்வி கேட்ட மனிதருக்கு இரண்டு நாள் ஒதுக்கிப் பாடம் நடத்திய நபியின் உம்மத்தல்லவா நாம்!

இம்மாத இறுதிக்குள் உங்கள் வீட்டில் ஒரு தாளை எடுங்கள். உங்கள் பிள்ளையின் மூன்று ஷிப்டுகளையும் ஒரு பக்கமும், ஐந்து வக்துகளின் தொடக்கத்தையும் முடிவையும் மறுபக்கமும் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அதன் நகலை அவன் சட்டைப் பையில் வையுங்கள். நான்கு வேளைகள் தாமாகவே இடம்பிடித்துக்கொள்வதையும், எஞ்சிய ஒரு வேளைக்காக மட்டும் அவன் முயலவேண்டியிருப்பதையும் பெரும்பாலான நாள்களில் நீங்களே காண்பீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத்தையும், அவர்களது தொழுகையில் உறுதியையும், நம் இல்லங்களில் அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.